உகாஸா, உத்தரவா, ஆணையா: ஒரு ரஷ்யச் சொல்லோடு ஒரு வாரம்

ரஷ்ய வரலாறு பற்றிய நீளமான கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பழைய மாஸ்கோவில் தொடங்கி, மகா பீட்டர், லெனின் எல்லாரையும் தாண்டி, யெல்ட்சின் நாடாளுமன்றக் கட்டடத்தின் மீது டாங்கியை ஏவிய கதை வரைக்கும் போகிறது. இரண்டாம் பக்கத்திலேயே ஒரு சொல் காலை வாரிவிட்டது. உகாஸ். ராஜா போடுகிற உத்தரவு, அவ்வளவுதானே என்று ‘உத்தரவு’ என எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன். பிறகு அதே சொல் சோவியத் காலத்தில் வந்தது, அங்கே ராஜாவே இல்லை. இன்னும் கொஞ்சம் போனால் தேர்தலில் ஜெயித்து வந்த அதிபர் அதே உகாஸால் நாடாளுமன்றத்தைக் கலைக்கிறார். நடுவில் 1917-இல் இந்தச் சொல்லே ஆகாது என்று தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்த கதையும் இருக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே தமிழ்ச் சொல்லைப் போடுவதா, காலத்துக்குத் தக்கபடி மாற்றிப் போடுவதா, வம்பே வேண்டாமென்று உகாஸ் என்றே விட்டுவிடுவதா? ஒரு வாரமாக இதே யோசனை. யோசித்ததை இங்கே கொட்டிவைக்கிறேன், மொழிபெயர்ப்பவர்கள் யாருக்காவது உதவும்.

முதலில் ரஷ்யச் சொல்லின் வேரைப் பார்த்துவிடலாம். ‘உகஸாத்’ என்றால் சுட்டிக் காட்டுவது. வாத்தியார் கரும்பலகையில் எழுத்தைக் காட்டக் கையில் வைத்திருக்கும் குச்சிக்கு ‘உகாஸ்கா’ என்று பெயர், நம் சுட்டுவிரலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரும் இதே வேரில் பிறந்ததுதான். விரலை நீட்டி ‘இப்படிச் செய்’ என்று காட்டினால் அது உகாஸ். முன்னால் ஒட்டுகிற துண்டு மாறினால் பொருளும் எங்கெங்கோ போய்விடுகிறது: ப்ரிகாஸ் என்றால் மேலதிகாரி தனக்குக் கீழே இருப்பவருக்கு இடும் கட்டளை, நகாஸ் என்றால் அறிவுரை கலந்த வழிகாட்டல், ஸகாஸ் என்றால் ஹோட்டலில் நாம் கொடுக்கும் ஆர்டர், அத்காஸ் என்றால் மறுப்பு, ரஸ்காஸ் என்றால் சிறுகதை. செகாவ் எழுதினால் ரஸ்காஸ், ஜார் எழுதினால் உகாஸ். இந்தக் குடும்ப உறவைத் தமிழில் கொண்டுவர வழியே இல்லை. ‘சுட்டாணை’ என்று ஒன்றைப் புதிதாக ஒட்டவைக்கலாமா என்றுகூட ஒரு ராத்திரி யோசித்தேன், காலையில் படித்தபோது துப்பாக்கிச்சூட்டுக்கு அனுமதி கொடுத்த மாதிரி இருந்தது, கிழித்துப்போட்டேன்.

மாஸ்கோ ஜார்களின் பழைய சட்ட ஏடுகளில் ஒரு வாய்பாடு திரும்பத் திரும்ப வரும்: மன்னர் உகாஸிட்டார், பொயார்கள் தீர்மானித்தார்கள். பொயார்கள் என்றால் மேல்குடிப் பிரபுக்கள். மன்னர் சுட்டுவார், பிரபுக்கள் சபையில் உட்கார்ந்து ‘ஆகட்டும்’ என்பார்கள், இரண்டும் சேர்ந்தால்தான் காரியம் முழுமை. நடைமுறையில் அந்தச் சபைக்கு எவ்வளவு பலம் இருந்தது என்பது தனி விவாதம். வாய்பாட்டிலாவது இரண்டு வினைகள் இருந்தன என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பீட்டர் வந்ததும் இரண்டாவது வினை காணாமல் போனது.

பீட்டரின் உகாஸ்கள் கையை வைக்காத இடம் கிடையாது. 1699 டிசம்பரில் ஒன்று: இனி உலகம் படைக்கப்பட்ட நாளிலிருந்து ஆண்டை எண்ண வேண்டாம், கிறிஸ்து பிறப்பிலிருந்து எண்ணுங்கள், புத்தாண்டு செப்டம்பரில் இல்லை, ஜனவரி 1-ஆம் தேதி. பழைய கணக்கில் 7208-ஆம் ஆண்டு நாலே மாதத்தில் முடிந்துபோனது. அன்றைக்கு வாசலில் தேவதாரு, பைன் கிளைகளைக் கட்ட வேண்டும் என்பதும் அதே உகாஸில் உண்டு. 1705-இல் தாடி வரி: பெரிய வியாபாரிக்கு ஆண்டுக்கு 100 ரூபிள், அதிகாரிகளுக்கு 60, தாடியோடு நகர வாசலைத் தாண்டும் குடியானவனுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு கோபெக். கட்டியவர்களுக்கு ஒரு வில்லை கொடுத்தார்கள், அதில் மூக்கு, மீசை, தாடி படம், மேலே ‘பணம் வாங்கியாயிற்று’ என்று எழுத்து. நம்மூர் சைக்கிள் ஸ்டாண்டு டோக்கன் மாதிரி, தாடிக்கு.

இன்னொரு சமாச்சாரமும் உண்டு. அரசு அலுவலகம் ஒவ்வொன்றிலும் மேசைமேல் ‘ஸெர்த்சாலோ’ என்றொரு மூன்று முகப் பட்டகம் நிற்கும். தலையில் இரட்டைத்தலைக் கழுகு, மூன்று முகங்களிலும் பீட்டரின் மூன்று உகாஸ்கள். சட்டத்தை மதிக்க வேண்டும், அலுவலகத்தில் ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும் என்கிற வகையில் அந்த மூன்றும். ஸெர்த்சாலோ என்றால் கண்ணாடி என்று பொருள். 1917 வரைக்கும் அது ரஷ்ய அலுவலகங்களில் இருந்தது. இருநூறு வருஷம் மேசைமேல் நின்ற பொருள் என்றால், குமாஸ்தாவின் மனசில் உகாஸ் என்ற சொல் எவ்வளவு கனத்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கனம் தமிழில் எந்தச் சொல்லில் வரும் என்பதுதான் என் கேள்வி.

முதல் வேட்பாளர் உத்தரவு. எல்லாருக்கும் புரியும், வாயில் புழங்குகிற சொல். சிக்கல் என்னவென்றால் ரொம்பவே புழங்கிவிட்டது. உத்தரம் என்றால் பதில், அந்த வேரிலிருந்துதான் இது வந்தது. கீழே இருப்பவர் கேட்கிறார், மேலே இருப்பவர் சொல்கிற பதில் உத்தரவாகிவிடுகிறது. அதனால்தான் அனுமதி என்ற பொருள் இதோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. ‘உத்தரவின்றி உள்ளே வராதே’ என்று கேட்டில் பலகை மாட்டுகிறோம், பழைய ஆட்கள் விடைபெறும்போது ‘உத்தரவு வாங்கிக்கிறேன்’ என்பார்கள். காங்கேயம் பக்கம் சிவன்மலைக் கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. பக்தர் ஒருவரின் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்வார், அதைக் கொண்டுவந்து பெட்டியில் வைப்பார்கள், அடுத்த கனவு வரும் வரைக்கும் அது அங்கேயே இருக்கும். அங்கே அந்தச் சொல் எவ்வளவு பொருத்தம்! ஆனால் பீட்டரை யாரும் எதுவும் கேட்கவில்லை. தாடியை எடுக்கலாமா வேண்டாமா என்று மாஸ்கோவில் ஒருத்தரும் மனுப் போடவில்லை. கேள்வியே இல்லாத இடத்தில் பதில் என்ற வேருள்ள சொல்லைப் போடுவது கொஞ்சம் உறுத்துகிறது. படிப்பவர் வேரைத் தோண்டிப் பார்க்கப் போவதில்லை, தெரியும். இருந்தாலும் மேனேஜர் உத்தரவு, டாக்டர் உத்தரவு என்று கேட்டுப் பழகிய காதில் ஸெர்த்சாலோவின் கனம் வராது.

கட்டளை இன்னும் மிடுக்காக இருக்கிறது. செங்கல் அறுக்கும் அச்சுக்கும் கட்டளை என்று பெயர் உண்டு, எழுத்தெண்ணிப் பாடும் கட்டளைக் கலித்துறையும் அந்த வழியில் வந்ததுதான். அளவு பிசகக் கூடாது என்ற எண்ணம் உள்ளேயே இருக்கிறது. கோயிலில் இன்ன நாள் இன்ன பூஜை என்று பணம் கட்டிவைப்பதும் கட்டளை. ஆனால் தனியாக ‘கட்டளை’ என்று படித்தால் என் மண்டையில் முதலில் வருவது மோசேயும் பத்துக் கட்டளைகளும், அல்லது படைத்தளபதி. பேசப்படுகிற சொல் அது. உகாஸ் காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, பதிவேட்டில் ஏற்றப்படுகிற பொருள். அதனால் கட்டளையை ப்ரிகாஸுக்கு ஒதுக்கிவைத்துவிட்டேன், அங்கே கச்சிதமாக உட்காருகிறது.

பத்துக் கட்டளைகள் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பழைய தமிழ் பைபிளில் இதற்குக் ‘கற்பனை’ என்ற சொல் வரும். கர்த்தருடைய கற்பனைகளைக் கைக்கொள்ள வேண்டும் என்று படிக்கிற இன்றைய பையன் மிரண்டு போவான், கடவுள் கற்பனை செய்தாரா என்று. மலையாளத்தில் இன்றைக்கும் கல்பனை என்றால் ராஜாவின் ஆணை, நம் பக்கம் அதே சொல் கவிஞர்கள் கைக்குப் போய்விட்டது. ஆணையைக் குறிக்கும் சொற்களுக்கு இந்த மாதிரி வழுக்கல் சகஜம்போல. நிருபம் என்றால் ஒரு காலத்தில் மேலிடத்திலிருந்து வரும் எழுத்து. பைபிளில் அது பவுலின் கடிதமாகி நின்றது. இலங்கையில் மட்டும் சுற்றுநிருபம் என்று அலுவலகச் சுற்றறிக்கையில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

சாசனம் பார்க்க அழகு. பீட்டருக்கு முன்னால் வைத்தால் ராஜகளை வரும். ஆனால் அது நிலைத்து நிற்கிற பொருளுக்கான சொல்: செப்பேட்டில் வெட்டியது, கல்லில் பொறித்தது, தலைமுறை தலைமுறையாக அனுபவித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தது. அதனால்தான் அது கிரய சாசனம், மரண சாசனம், அரசியல் சாசனம் என்று பத்திரங்களின் பக்கம் நகர்ந்துவிட்டது. இலங்கையில் பௌத்த சாசனம் என்றால் புத்தரின் போதனையும் அதைச் சுமக்கும் நிறுவனமும். 1799-இல் பாவெல் ஜார் ரஷ்ய-அமெரிக்கக் கம்பெனிக்கு அலாஸ்கா வியாபார உரிமையைக் கொடுத்தாரே, அந்த ஒரு இடத்தில் சாசனம் பொருந்தும். ‘20 நிமிடம் லேட்டாக வேலைக்கு வந்தால் வழக்கு’ என்று 1940-இல் போட்டதைச் சாசனம் என்று எழுதினால் சிரிப்பார்கள்.

மனசுக்குப் பிடித்த வேட்பாளர் திருமுகம். சோழர் செப்பேடுகளில் மன்னனின் ஆணை ஊருக்கு வருகிற காட்சி அவ்வளவு அற்புதமாக இருக்கும். மன்னன் வாயால் சொல்வதைக் கேட்டுக்கொள்ள ஒரு அதிகாரி, அவருக்குத் திருவாய்க்கேள்வி என்று பெயர். அதை எழுதத் திருமந்திர ஓலை, சரிபார்க்கத் திருமந்திர ஓலை நாயகம். இப்படி எழுதி வருகிற ஓலைக்குத்தான் திருமுகம் என்று பெயர். அது நாட்டாருக்கு வந்து சேர்ந்ததும் அவர்கள் எதிரே எழுந்து போய்த் தொழுது, வாங்கித் தலைமேல் வைத்துக்கொண்டு, பெண் யானையோடு எல்லையைச் சுற்றி நடந்து காட்டுவார்கள். எல்லாம் முறைப்படி பதிவாகும். சுட்டுகிற விரலுக்குப் பதிலாக இங்கே முகம். அரசன் வர முடியாத இடத்துக்கு அவன் முகம் வருகிறது. பாணபத்திரருக்குப் பொருள் கொடுக்கச் சொல்லி ஆலவாய் இறைவன் சேரமான் பெருமாளுக்கு எழுதியதாகச் சொல்லும் திருமுகப் பாசுரம் பதினோராம் திருமுறையில் இருக்கிறது. இந்தச் சொல்லை அப்படியே ரஷ்யனுக்குத் தூக்கிக் கொடுக்க எனக்கு ஆசைதான். கொடுத்தால் என்ன ஆகும்? பீட்டர் திடீரென்று தஞ்சாவூரில் நிற்பார். படிப்பவருக்கு ராஜராஜன் ஞாபகம் வரும், தாடி வில்லை மறந்துபோகும். போதாக்குறைக்குத் திருமுகம் என்றால் இன்றைக்கு எல்லாரும் முகத்தைத்தான் நினைப்பார்கள். மனசில்லாமல் நீக்கிவிட்டேன்.

தாக்கீது, ஃபர்மான், சன்னது என்று பாரசீக, அரபு வழியாக வந்த கூட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தாக்கீதின் வேரில் வற்புறுத்தல்தான் இருக்கிறது, இன்றைக்குப் பத்திரிகைத் தமிழில் ‘கண்டிப்பான தாக்கீது’ என்று மிரட்டலுக்கு மட்டும் எடுக்கிறோம். சன்னது ராஜா கொடுத்த உரிமைப் பத்திரமாக இருந்து கடைசியில் வக்கீல் தொழில் செய்கிற லைசென்ஸாக வந்து நின்றது. ஃபர்மான் கம்பீரமான சொல்தான், 1717-இல் ஃபரூக்சியர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தது வரலாற்றுப் புத்தகத்தில் எல்லாரும் படித்தது. ஆனால் அது முகலாய, துருக்கிய, ஈரானிய அரண்மனைகளின் சொத்து, ஜாருக்கு மாட்டினால் தலைப்பாகை கட்டிவிட்ட மாதிரி. ஒன்று மட்டும் கவனித்தேன். இந்தியில் கிறுக்குத்தனமான ஆணைக்குத் ‘துக்ளக் ஃபர்மான்’ என்பார்கள். ஒரு காலத்தில் மரியாதையாக இருந்த சொல், ஆட்சி போனதும் ஏச்சாகிவிட்டது.

இதேதான் உகாஸுக்கும் நடந்தது. ரஷ்யாவுக்குள் நடக்கவில்லை, இங்கிலீஷில் நடந்தது. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இங்கிலீஷ்காரர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். 1821-இல் முதலாம் அலெக்ஸாந்தர் ஒரு உகாஸ் போட்டார், வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் 51-ஆம் அட்சரேகைக்கு வடக்கே எல்லாம் ரஷ்யாவுடையது, கரையிலிருந்து 100 இத்தாலிய மைலுக்குள் வேற்று நாட்டுக் கப்பல் வரக் கூடாது என்று. பிரிட்டனும் அமெரிக்காவும் குதித்தன. 1823-இல் அமெரிக்க அதிபர் மன்ரோ ‘இந்தக் கண்டத்தில் இனி ஐரோப்பியர் யாரும் புதிதாகக் குடியேற்றம் போடக் கூடாது’ என்று அறிவித்ததற்கு இதுவும் ஒரு காரணம். மறு ஆண்டே ரஷ்யா 54 பாகை 40 கலைக்கு மேலே பின்வாங்க ஒப்புக்கொண்டது. இந்த மாதிரி சமயங்களில் வெளிநாட்டுக்காரர்கள் வாயில் உகாஸ் என்றால் எங்கோ இருக்கிற சர்வாதிகாரி தன் இஷ்டத்துக்குப் போடுகிறது என்ற கசப்பு சேர்ந்துவிட்டது. இன்றைக்கும் இங்கிலீஷ் அகராதியைப் புரட்டினால் இரண்டாவது பொருள் அதுதான்.

தமிழில் உகாஸ் என்றே விட்டுவிடலாம் என்ற யோசனையைக் கைவிட இதுதான் முக்கியக் காரணம். ரஷ்யருக்கு உகாஸ் வெளியூர்ச் சரக்கு கிடையாது. காலையில் செய்தியில் கேட்கிற சாதாரணச் சொல், அதிபர் யாருக்கோ விருது கொடுத்தார், யாரையோ தூதராகப் போட்டார் என்றாலும் உகாஸ்தான். அதை நாம் உகாஸ் என்று எழுதும்போது ஏதோ பயங்கரமான, பனிமூட்டத்துக்குள் இருக்கிற பொருள் மாதிரி ஆகிவிடுகிறது, அந்தப் பார்வை ரஷ்யாவிலிருந்து நமக்கு வந்ததில்லை, லண்டன் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது. இது போக எழுத்துச் சிக்கல் வேறு. உகாஸ் என்று எழுதினால் உகாதியை வாசிப்பது போலத்தான் தமிழ் நாக்கு வாசிக்கும். அழுத்தி வாசிக்கட்டும் என்று ‘உக்காஸ்’ எழுதினால் யாரையோ உட்காரச் சொல்கிற மாதிரி இருக்கிறது.

அரசாணை பற்றி நண்பர் ஒருவர் ரொம்ப வாதாடினார். அரசு, ஆணை, இரண்டும் இருக்கிறது, அப்புறம் என்ன? என்னவென்றால், தமிழ்நாட்டில் அரசாணை என்பது ஒரு குறிப்பிட்ட தாள். எண் இருக்கும், துறையின் பெயர் இருக்கும், தேதி இருக்கும், ‘ஆளுநரின் ஆணைப்படி’ என்று போட்டு அடியில் செயலாளர் பெயர் இருக்கும். ‘ஜீ.ஓ. வந்துவிட்டதா’ என்று கேட்கிற ஆசிரியருக்குத் தெரியும், அது கோப்பு வழியாக, நிதித்துறை ஒப்புதல் வழியாக நகர்ந்து வருகிற பொருள் என்று. 1921-இல் நீதிக்கட்சி ஆட்சியில் வந்த வகுப்புவாரி ஆணை எவ்வளவு பெரிய மாற்றம்! அதுவும் ஒரு ஜீ.ஓ.தான். 1951-இல் உச்ச நீதிமன்றம் அந்த வழியில் வந்த வகுப்புவாரி ஆணையைச் செல்லாது என்றது, அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வர அதுவும் ஒரு காரணம். அதாவது அரசாணைக்கு மேலே சட்டம் உண்டு, நீதிமன்றம் உண்டு. பீட்டரின் உகாஸுக்கு மேலே எதுவும் கிடையாது. அதே சமயம் இன்றைய ரஷ்ய அரசமைப்பின் 90-ஆவது பிரிவு அதிபரின் உகாஸ் அரசமைப்புக்கும் சட்டத்துக்கும் முரணாக இருக்கக் கூடாது என்கிறது, அந்த உகாஸுக்கு வேண்டுமானால் அரசாணை நன்றாகப் பொருந்தும். பாதி வழிக்கு மட்டும் வருகிற வண்டி.

அப்படியென்றால் காலத்துக்கு ஒரு சொல்லாக மாற்றிப் போடலாமே? ஜாருக்குக் கட்டளை, சோவியத்துக்கு உத்தரவு, யெல்ட்சினுக்கு அரசாணை. படிக்கச் சுகமாக இருக்கும், ஒவ்வொரு இடத்திலும் பொருத்தமாகவும் இருக்கும். ஆனால் கட்டுரையின் உயிரே போய்விடும், ஏனென்றால் கட்டுரையே அந்தச் சொல் ஒன்றாகவே இருந்தது என்பதைப் பற்றித்தான். 1906-இல் ரஷ்யாவில் டூமா என்ற சட்டமன்றம் வந்த பிறகு சட்டம் வேறு, உகாஸ் வேறு என்று ஒரு கோடு விழுந்தது. டூமா கூடாத இடைவேளையில் மட்டும் அவசரத்துக்கு உகாஸ் போடலாம் என்று அன்றைய அடிப்படைச் சட்டத்தின் 87-ஆவது பிரிவு சொன்னது, நம் அவசரச் சட்டம் மாதிரி. அந்த இடுக்கில் புகுந்துதான் பிரதமர் ஸ்தொலிப்பின் 1906 நவம்பரில் தன் நிலச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தார். அந்தக் கோட்டைத் தாண்டுவதும் தாண்டாததும்தான் பிறகு நடந்த கதை முழுக்க. 1993 செப்டம்பர் 21-இல் யெல்ட்சின் 1400-ஆம் எண் உகாஸில் கையெழுத்துப் போட்டு நாடாளுமன்றத்தைக் கலைத்தார், தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பைக் கலைக்க அதிபருக்கு அதிகாரம் கிடையாது என்று அன்றைய அரசமைப்பில் எழுதியே இருந்தது, அரசமைப்பு நீதிமன்றமும் செல்லாது என்றது, அக்டோபர் 4-ஆம் தேதி டாங்கிகள் வெள்ளை மாளிகை என்று அவர்கள் அழைக்கும் கட்டடத்தைச் சுட்டன. இந்த இடத்தில் நான் அரசாணை என்று எழுதினால், படிப்பவருக்குப் பீட்டரின் விரல் மறுபடி நீண்டது தெரியவே தெரியாது.

ஒரே சொல் என்று முடிவான பிறகு மிஞ்சியது ஆணை. வடக்கேயிருந்து எப்போதோ வந்த சொல்தான், ஆனால் வந்து ரொம்ப காலமாகி வீட்டுப்பிள்ளையாகிவிட்டது. ராஜா ஆணையிடலாம், நீதிமன்றம் ஆணை பிறப்பிக்கலாம், போலீஸ் பிடியாணையோடு வரலாம், சத்தியம் பண்ணும்போது ‘உன்மேல் ஆணை’ என்று நாமே சொல்லலாம். ஆணையர், ஆணையம், இலங்கையில் ஆணைக்குழு என்று அலுவலகங்களாகவும் பெற்றுப் போட்டிருக்கிறது. இந்தக் கடைசி விஷயம் எதிர்பாராத லாபம். பழைய மாஸ்கோவில் ப்ரிகாஸ் என்றால் கட்டளையும்தான், அரசுத் துறையும்தான், வெளியுறவைக் கவனித்த துறைக்குத் தூதர் ப்ரிகாஸ் என்று பெயர். உத்தரவு போடுகிற இடமே உத்தரவின் பெயரை எடுத்துக்கொள்வது நமக்கு விநோதமாகப் படாது, ஆணையம் இருக்கிறதே.

ஆணையின் குறை, கொஞ்சம் வெளுத்த சொல். தனியாக நின்றால் யார் போட்டது என்று தெரியாது. முதல் தடவை வரும்போது ‘ஜாரின் ஆணை, ரஷ்யத்தில் உகாஸ்’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, பிறகு ஜாரின் ஆணை, சோவியத் தலைமைக்குழுவின் ஆணை, அதிபரின் ஆணை என்று யாருடையது என்பதை விடாமல் ஒட்டிக்கொண்டே போகலாமென்று முடிவு செய்தேன். சொல் மாறாது, ஆள் மாறுவார். அதுவே நான் காட்ட வேண்டியதும்.

இரண்டு இடங்களில் மட்டும் இடித்தது. ஒன்று, 1876-இன் எம்ஸ் உகாஸ். இரண்டாம் அலெக்ஸாந்தர் ஜெர்மனியில் எம்ஸ் என்ற ஊருக்கு நீராடப் போயிருந்தபோது, உக்ரேனிய மொழிப் புத்தகங்களை அனுமதியில்லாமல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது, அந்த மொழியில் மொழிபெயர்ப்புகளை அச்சிடுவது, நாடகம் போடுவது, இசைக்குறிப்போடு பாட்டு வரிகளைப் பதிப்பிப்பது எல்லாவற்றையும் தடை செய்தார். மொழிப் போராட்டம் பார்த்த நமக்கு அதிகம் விளக்க வேண்டாம். வேடிக்கை என்னவென்றால் கண்டிப்பாகப் பார்த்தால் அது உகாஸே இல்லை, சிறப்புக் குழு ஒன்றின் முடிவுகளுக்கு ஜார் ஒப்புதல் கொடுத்த ரகசியத் தாள். அடிபட்டவர்கள் அதற்கு உகாஸ் என்று பெயர் வைத்தார்கள், அது நிலைத்துவிட்டது. ‘எம்ஸ் ஆணை’ என்றே எழுதிவிட்டேன், யார் போட்டார்கள் என்பதைப் பெயரே சொல்லாத ஒரே இடம்.

இரண்டாவது 1917. அக்டோபர் 26-ஆம் தேதி ராத்திரி, அதாவது புதிய நாட்காட்டியில் நவம்பர் 8, ஆட்சியைப் பிடித்த லெனினின் கட்சிக்காரர்களான போல்ஷெவிக்குகள் சமாதானத்தையும் நிலத்தையும் பற்றிய இரண்டு அறிவிப்புகளை நிறைவேற்றியபோது அவற்றுக்கு உகாஸ் என்று பெயர் வைக்கவில்லை, ‘தெக்ரேத்’ என்றார்கள். பிரெஞ்சுப் புரட்சி வாசனை அடிக்கிற சொல். அமைச்சர் என்ற சொல்லையே வேண்டாமென்று மக்கள் கமிஸார் என்று வைத்தவர்கள், ஜாரின் சொல்லை எப்படித் தொடுவார்கள்? இங்கே எனக்கு ஆணையிலிருந்து பிரித்துக் காட்ட இரண்டாவது சொல் வேண்டும். பிரகடனம் ஆகாது, பண்ணையடிமை ஒழிப்பு மாதிரி ஜார் மக்கள் எல்லாருக்குமாக வெளியிட்ட பெரிய அறிக்கைகளுக்கு அதை முன்பே கொடுத்துவிட்டேன். தெக்ரேத் என்பதன் லத்தீன் மூலத்திலிருந்து வந்த டிக்ரி நம் சிவில் கோர்ட்டில் ஏற்கெனவே இருக்கிறது, ‘கேஸ் டிக்ரி ஆயிருச்சு’ என்பது ஊரில் சர்வசாதாரணம். ஆனால் ‘லெனினின் நில டிக்ரி’ என்றால் ஏதோ பாகப்பிரிவினை வழக்கு மாதிரி கேட்கிறது, கும்பகோணம் காபி வேறு குறுக்கே வரும். தெக்ரேத் என்று ஒலியிலேயே விட்டேன். ரஷ்யருக்கே அது அன்றைக்கு வெளியூர்ச் சொல், நமக்கும் வெளியூர்ச் சொல்லாக இருக்கட்டும்.

அப்படி விட்டதில் இன்னொரு வசதி. அந்தச் சொல் இன்றைக்கு ரஷ்யாவில் எங்கே கிடக்கிறது தெரியுமா? ‘அவள் தெக்ரேத்தில் இருக்கிறாள்’ என்றால் பிரசவ லீவில் இருக்கிறாள் என்று அர்த்தம். புரட்சி முடிந்த கையோடு வந்த தெக்ரேத்களில் ஒன்று பிரசவ விடுப்பைக் கொடுத்தது, சமாதானம், நிலம் எல்லாம் போய் அந்த ஒன்று மட்டும் பேச்சில் தங்கிவிட்டது. உலகத்தைப் புரட்டிப் போட வந்த சொல் கடைசியில் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. இந்த வரியைத் தமிழில் தர டிக்ரியோ ஆணையோ உதவியிருக்காது.

உகாஸ் மட்டும் திரும்பி வந்தது. 1936 அரசமைப்பு, உச்ச சோவியத் என்ற நாடாளுமன்றத்தின் தலைமைக்குழுவுக்கு உகாஸ் வெளியிடும் அதிகாரத்தைக் கொடுத்தது. பதக்கமும் உகாஸால்தான், தண்டனையும் உகாஸால்தான். 1940 ஜூன் 26-ஆம் தேதியது தொழிலாளி சொல்லாமல் வேலையை விட்டால் சிறை என்றது. 1947 ஜூன் 4-ஆம் தேதியது அரசுச் சொத்தைத் திருடினால் 7 முதல் 10 வருஷம், கூட்டாகச் செய்தாலோ மறுபடி செய்தாலோ 25 வரைக்கும் என்றது. அந்த உகாஸ்களில் மாட்டி முகாமுக்குப் போனவர்களுக்கு மக்கள் ஒரு பெயர் வைத்தார்கள்: உகாஸ்னிக். கொலைகாரன், அரசியல் கைதி என்கிற மாதிரி அது ஒரு வகை. ‘ஆணைக்காரன்’ என்று போட்டால் ஆணை போட்டவன் என்று தலைகீழாகப் படிப்பார்கள். ‘ஆணையில் மாட்டியவன்’ என்று நீட்டி எழுதினேன், திருப்தியில்லை, ஆனால் பொருள் சரியாக வருகிறது.

கடைசியில் ஒரு பேச்சுவழக்கு பாக்கி. கட்டுரையில் ஒரு கிழவி பேரனைத் திட்டும்போது அவன் திருப்பிச் சொல்கிறான், வார்த்தைக்கு வார்த்தை எடுத்தால் ‘நீ எனக்கு உகாஸ் இல்லை’ என்று. ஜார், தலைமைக்குழு, அதிபர் எல்லாரையும் தாண்டி அந்தச் சொல் வீட்டுக்குள் வந்து சமையலறைச் சண்டையில் நிற்கிறது. இத்தனை நாள் கட்டிக் காப்பாற்றிய ஆணையை அங்கே போட்டுப் பார்த்தேன், ஒட்டவே இல்லை. ‘நீ யாரு எனக்குச் சொல்ல?’ என்று எழுதி, மேலே போய்விட்டேன்.